ஆப்பிள் தோட்டத்து மான்

மாண்ட்ரியாலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பல் டாக்டர் குடும்பம். பிரெஞ்சுக்காரர், என் வயதுதான், வாய் ஓயாமல் பேசுவார். பதில் சொல்ல முடியாமல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பழகியதால் வந்த வியாதி என்று நான் கேலி செய்வேன். எனக்கு மான் வேட்டைப் பைத்தியம் பிடித்தது அந்த வேலி ஓரத்தில்தான்.

நான் பாலங்களுக்குக் கான்கிரீட் கணக்குப் போடுகிற இன்ஜினியர். அறுபதுகளின் கடைசியில் மாண்ட்ரியாலுக்கு வந்தேன். மறு வருஷம் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு அவளையும் கூட்டிவந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆட்டுக்கறி தின்பார்களே தவிர, துப்பாக்கியைத் தொட்டவர் யாரும் கிடையாது. ஆபீஸில் நான் பேசினால் புரியவில்லை என்று இரண்டாம் தடவை கேட்பார்கள். மூன்றாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காட்டில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

ஆற்றைக் கடந்து, லொங்குய் ஊரையும் தாண்டித் தெற்கே இரண்டு மணி நேரம் போனால், அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில் பல் டாக்டருடைய மைத்துனரின் பண்ணை வரும். ஒரு மாட்டுத் தொழுவம், கவனிப்பாரில்லாமல் விட்டுவிட்ட ஆப்பிள் தோட்டம், அதற்குப் பின்னால் சதுப்பும் தேவதாரு மரங்களும். முதல் இலையுதிர் காலத்தில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். தோட்டத்து ஓரத்தில் என் தொடை பருமனுக்கு ஒரு மரம் பட்டை உரிந்து வெள்ளையாக நின்றது. ஆண் மான் கொம்பைத் தேய்த்த இடம் என்றார் அவர். சின்ன மான்கள் விரல் கனத்துச் செடிகளோடுதான் மல்லுக்கட்டும். இவ்வளவு பெரிய மரத்தோடு மோத வேண்டுமென்றால் அது முழு வளர்ச்சி கண்ட பெரிய மானாக இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி, தாழ்வான கிளை ஒன்றின் கீழே தரையைக் குளம்பால் சுரண்டி, மூத்திரம் விட்டு வைத்திருந்தது. இது என் இடம் என்று பெட்டைகளுக்கும் மற்ற ஆண்களுக்கும் அது விடுகிற சேதி. குனிந்து மோந்து பார்த்தேன். வெள்ளாட்டுக் கிடாயின் வீச்சம். ஊரில் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவேன். அன்றைக்கு என்னவோ மறுபடியும் மோந்து பார்த்தேன்.

மறு வருஷம் லைசென்ஸ் எடுத்து, பழைய துப்பாக்கி ஒன்றும் வாங்கினேன். பல் டாக்டர் முதல் காரியமாக என் கோட்டைப் பறிமுதல் செய்தார். எங்கள் வீட்டு அலமாரியில் தொங்குகிற எந்தத் துணியிலும் பெருங்காயமும் தாளித்த கடுகும் ஏறியிருக்கும். காற்று திரும்பினால் மான் உங்கள் வீட்டுச் சமையலையே ஒப்பித்துவிடும் என்றார். அதிலிருந்து என் வேட்டைக் கோட்டு செப்டம்பரிலேயே அவர் வீட்டு கராஜுக்குப் போய், தேவதாருக் கிளைகளோடு ஒரு கோணிக்குள் கிடக்கும். என் மனைவிக்கு இது தாங்க முடியாத அவமானம். அவர்கள் வீட்டில் வெண்ணெய் நாறுவது மட்டும் மானுக்குத் தெரியாதா என்று பல நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வயதுக்கு வந்த ஆண் மான் வருஷம் முழுக்கப் பகலில் தலை காட்டாது. நவம்பரில், இணை சேரும் பருவத்தில் மட்டும் அதற்குப் புத்தி கெட்டுப்போகும். தின்னாது, படுக்காது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு பெட்டையின் தடத்தைப் பிடித்து வெட்டவெளிக்கும் வந்துவிடும். மனிதன் கையில் சிக்குவதென்றால் அந்தச் சில நாட்களில்தான். இரண்டாம் வருஷம் அந்தி சாயும் நேரத்தில் ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தேன். தோட்டத்தைக் குறுக்கே கடந்து போனது. வலது காதின் நுனி கிழிந்து தொங்கியது. சுட வெளிச்சம் போதவில்லை. பிறகு ஒரு வருஷம் முழுக்க அது என் மண்டைக்குள் மேய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம் அவள் உண்டாகியிருந்தாள்.

அதற்கு முன்பு இரண்டு தடவை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காரணம் எதுவும் புலப்படவில்லை என்றார்கள். அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. முதல் தடவை, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பனியில் சறுக்கியதால். இரண்டாம் தடவை, என் ஆபீஸ் கிறிஸ்துமஸ் விருந்தில் கேக் தின்றதால். மேலே பாகு பூசிப் பளபளவென்று இருந்தது அன்னாசி என்று பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது. மாசமாக இருப்பவள் அன்னாசியைத் தொடக் கூடாது. டப்பாவில் அடைத்து வந்த பழத்துக்கு என்ன சக்தி இருந்துவிடப் போகிறது என்று நான் வாதாடினேன், கத்தினேன், ஒரு தடவை தட்டையும் உடைத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. காய் நறுக்கிக்கொண்டே இருப்பவள் திடீரென்று நிறுத்தி, அத்தனை பேர் நடுவில் துப்ப வெட்கப்பட்டு விழுங்கிவிட்டேனே என்பாள்.

இந்தத் தடவை எதிலும் குறை வைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷனுக்கும் விதிகள் உண்டு. முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் முடி வளர்க்க நம்பிக்கை எதற்கு? காலமும் எனக்குத் தோதாக இருந்தது. தெருவில் பாதிப் பேர் தோள் வரை முடியும் மார்பு வரை தாடியுமாகத் திரிந்தார்கள். நான் ஹிப்பி ஆகிவிட்டேன் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அதுவரை திரும்பிப் பார்க்காத இளவட்டங்கள் வலிய வந்து காபி வாங்கிக் கொடுத்தார்கள். பிணம் தூக்கும் சந்தர்ப்பம் வரவில்லை. மிச்சமிருந்தது மான் ஒன்றுதான்.

நவம்பர் நெருங்க நெருங்க நான் வீட்டில் இருப்பதே அவளுக்குத் தொல்லையாகிவிட்டது. எழுந்தால் ஏன் எழுந்தாய் என்பேன். உட்கார்ந்தால் வலிக்கிறதா என்பேன். நாலாவது மாதம், முந்தைய இரண்டும் மூன்றைத் தாண்டவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல ஆசை, சொல்லப் பயம். பல் டாக்டர் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டபோது இந்த வருஷம் வரவில்லை என்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் அவளே பேச்செடுத்தாள்.

"போய்ட்டு வாங்க. நீங்க இப்படி என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் பயமா இருக்கு. ஆனா சுட்டுடாதீங்க."

"சுட மாட்டேன்," என்றேன்.

பல் டாக்டரின் மனைவி காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போனால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை ஆங்கிலத்தில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன், எனக்கே கேவலமாக இருந்தது. அதில் தோட்டாவையும் போட்டேன், அதற்கு அந்தச் சாக்குக் கூடக் கிடையாது.

அன்று விடியும்போது தரையில் மெல்லிசாகப் பனி விழுந்திருந்தது. பல் டாக்டர் சதுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நான் ஆப்பிள் தோட்டத்து ஓரத்தில், விழுந்து கிடந்த ஒரு தேவதாருவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. என் வாசனை மானுக்குப் போகாது. கால் மரத்துப்போகிற நேரத்தில் பெட்டை மான் ஒன்று வந்தது. பனிக்கடியில் கிடந்த ஒரு ஆப்பிளைக் கடித்தது. பிறகு தின்னாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் உறுமல் கேட்டது, பன்றி உறுமுகிற மாதிரி அடித்தொண்டையில், அடி வைக்கும்போதெல்லாம் ஒன்றாக.

ஆண் மான் வெளியே வந்து நின்றது. கிழிந்த காது. கழுத்து வீங்கித் தோளோடு ஒட்டியிருந்தது. கொம்பின் அடிப்பகுதி என் மணிக்கட்டை விடக் கனம், நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன. பின்னங்கால் முட்டிகளுக்கு உட்புறம் மூத்திரம் வழிந்து கறுத்து ஈரமாக இருந்தது. பல நாள் பட்டினியில் விலா எலும்பு தெரிந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு பெட்டையை மட்டுமே பார்த்தது. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து சலாம் போட்டிருந்தாலும் கவனித்திருக்காது. துப்பாக்கியின் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்துத் தோளில் வைத்தேன். மான் சரியாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

கருணை வந்ததால் விட்டேன் என்று சொன்னால் அது பொய். அப்போது எனக்கு அதன் மேல் ஒரு சொட்டுக் கருணை இல்லை. பயம்தான். நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கு எப்படிப் பயப்படுவது என்று கேட்கலாம். அவளுடைய நாலு மாத வயிறும் அந்த விலா எலும்பும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதாக அந்த நிமிஷத்தில் முழுசாக நம்பினேன். விரல் விசையின் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன். குதிரையை மெல்ல இறக்கிவைக்கும்போது சின்னதாக ஒரு சத்தம். மான் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. பெட்டை வாலை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதுவும் பின்னாலேயே போய்விட்டது.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில். என் பிள்ளையை நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். தகப்பன் என்கிற நினைப்பு எனக்கு முதன்முதலாக வந்தது அந்தப் பனியில்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு ஒரு நாளும் இருந்ததில்லை.

பல் டாக்டர் திரும்பி வந்ததும் மான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் குனிந்து பனியில் இருந்த குளம்புத் தடத்தைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். பெரிய கொம்பை முதலில் பார்க்கும்போது யாருக்கும் கை நடுங்கும், அவருடைய அப்பாவுக்கே நடுங்கியிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். பண்ணை வீட்டை நெருங்கும்போது மைத்துனரின் மனைவியான அவருடைய தங்கை அந்தக் குளிரில் கோட்டு கூடப் போடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பியர்பொன்ட்ஸிலிருந்து போன் வந்ததாம். என் மனைவிக்குக் காலையில் வலி எடுத்து, பல் டாக்டரின் மனைவிதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாளாம்.

வழி நெடுக அந்த வாயாடி மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாததிலிருந்தே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். கேட்காமலே சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் மெதுவான குரலில் ஆரம்பித்தாள். நேற்று அரிசி டின்னை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். பக்கத்து வீட்டம்மா எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஜன்னலை இழுத்துச் சாத்தினேன், அது மசியாததால் மூச்சுப் பிடித்து இழுத்தேன். காலையில் பாலைச் சுடச்சுடக் குடித்தேன். ஒவ்வொன்றாக, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். கை விரல்கள் போதாமல் மறுபடி முதல் விரலுக்கு வந்தாள்.

"நீங்க சொன்ன சொல்ல காப்பாத்தியிருப்பீங்க, எனக்குத் தெரியும்," என்றாள். "நான்தான். எல்லாம் நான்தான்."

முந்தைய இரண்டு தடவையும் இதே மாதிரிதான் ஆரம்பித்தது. சறுக்கிய பனியும் விழுங்கிய கேக்கும் அவளை வருஷக்கணக்கில் தின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இந்த ஸ்டூல் அவளை எழுந்திருக்கவே விடாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவள் நம்புகிற காரணங்களில் அவளுடைய கை படாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நான் சுட்டுட்டேன்," என்றேன்.

மடக்கிய விரல் அப்படியே நின்றது. என் தாடியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

"எப்போ?"

"காலைல."

"எனக்குக் காலைலதான் வலி எடுத்தது," என்றாள்.

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாய்விட்டு, அந்த வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். முதல் இரண்டு தடவையும் அவள் அப்படி அழுததில்லை. நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். அழுது முடித்துத் தூங்கிப்போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முடிவெட்டிக்கொண்டு, முகத்தை மழித்துக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவரப் போனேன். என்னை அப்படிப் பார்த்ததும் பல் டாக்டரின் மனைவி அழுதுவிட்டாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. பல் டாக்டரிடம் வேலி ஓரத்தில் ஒரே ஒரு உதவி கேட்டேன். என் மனைவி எப்போதாவது கேட்டால், நான் மானைச் சுட்டேன், அது காயத்தோடு சதுப்புக்குள் ஓடிவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சுட்ட மானைத் தேடி எடுக்காமல் விட்டுவிட்டு வருவது வேட்டைக்காரனுக்குப் பெரிய கேவலம். அதைப் போய் ஒருவன் வலியத் தன் தலையில் போட்டுக்கொள்வானா என்று அவர் முகத்தில் இருந்தது. சரி என்று மட்டும் சொன்னார். வாயாடிகளுக்கும் சில சமயம் வாயைக் கட்டத் தெரிகிறது. துப்பாக்கியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பொங்கல் வரை அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி மடித்து வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் சாப்பிட்டாள், தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் கூடி பஜனை பாடும் வீட்டுக்குத் தனியாக பஸ் பிடித்துப் போய்வந்தாள். ஸ்டூலைப் பற்றி, பாலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பழைய கேக்கைப் பற்றியும் வரவில்லை. ராட்சசன் மாதிரி வீட்டில் நடமாடுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சில நாள் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கும்தானே பிள்ளை போனது என்று கத்தத் தோன்றும். கராஜுக்குப் போய்ப் பனி தள்ளுகிற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தள்ள வேண்டாத இடத்தையெல்லாம் தள்ளிவிட்டு வருவேன்.

அடுத்த நவம்பரில் பல் டாக்டர் அந்த மானைச் சுட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊர் வழக்கப்படி, அவர் வீட்டுத் தோட்டத்து மேப்பிள் மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. கிழிந்த காது என் பக்கம் இருந்தது. ஒரு வருஷம் கூடுதலாக உயிரோடு இருந்ததில் கொம்பு இன்னும் கனத்திருந்தது. அவள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வெகு நேரம் பார்த்தாள். கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"நீங்க சுட்டது இவ்ளோ பெருசா?"

"இல்ல," என்றேன். "இதவிடச் சின்னது."

அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். பல் டாக்டர் எதையோ புரிந்துகொண்டவர் போல மறுநாள் அதை வேறு பக்கம் மாற்றிவிட்டார். அந்தக் கொம்பை அவர் வீட்டுச் சுவரில் நான் ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

எங்களுக்குப் பிறகு குழந்தை உண்டாகவே இல்லை. எழுபதுகள் முடியப் போகிற ஒரு குளிர்காலத்தில், வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேப்பரை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள்.

"அந்த மான் விஷயம்," என்றாள். "நான் உங்கள மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. சொல்லணும்னு நெனப்பேன், வாய் வராது. ஆம்பளைக்கு அந்த நேரத்துல கை நிக்காது. வேணும்னா பண்ணீங்க?"

உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. நான் சுடவில்லையடி, உனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன், என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அரை நிமிஷம் அவள் சந்தோஷப்படுவாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போவாள், விரலை மடக்க ஆரம்பிப்பாள். அவள் சாகும்வரை அதைச் சொல்லவில்லை. இப்போது அவள் இல்லை, எழுதுகிறேன்.

"சரி," என்றேன். என்னையும் மீறி அழுகை வந்துவிட்டது. நான் செய்த காரியத்தை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, போதும் விடுங்க, போதும் விடுங்க என்று அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.